வண்டியை எடுக்க இந்த எண்ணுக்குக் கூப்பிடவும்

வண்டியில் மின்சாரம் நூறு சதவீதம் ஏறி நெடுநேரம் ஆகியும் சுகுணா எழுந்திருக்கவில்லை. குருபரப்பள்ளியில் நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கும் அந்த ஓட்டலில், கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில், தூணுக்குப் பின்னால் ஒரு மேசை உண்டு. யாரும் விரும்பி உட்காராத மேசை. தண்ணீர் தெறிக்கும், மின்விசிறிக் காற்று எட்டாது, கை கழுவப் போகிறவர்கள் எல்லாம் நாற்காலியை இடித்துக்கொண்டுதான் போவார்கள். சுகுணா அதைத் தேடிப் பிடித்து உட்கார்ந்திருந்தாள். வெளியே கார்களுக்கு மின்சாரம் ஏற்றும் இடத்தில் நின்று பார்த்தால் இந்த மேசை தெரியாது, காரணம் அவ்வளவுதான். காபி ஆறி மேலே ஆடை படிந்திருந்தது. மேசைமேல் இரண்டு கைப்பேசிகள் இருந்தன. ஒன்று அவளுடையது. மற்றது அவள் கணவர் சிவராஜினுடையது. இரண்டாவதையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது அடிக்க வேண்டும். அதற்காகத்தான் ஓசூர் மூக்கண்டப்பள்ளியிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறாள். வீட்டுப் போர்டிகோவிலேயே சார்ஜர் பெட்டி சுவரில் மாட்டியிருக்கிறது. ராத்திரி சொருகிவிட்டுப் படுத்தால் காலையில் வண்டி தயாராக இருக்கும். அப்படியிருந்தும் வாரத்துக்கு ஒருமுறையாவது வேண்டுமென்றே ஊரைச் சுற்றி மின்சாரத்தைக் கரைத்துவிட்டு, கிட்டத்தட்ட காலியான வண்டியோடு இங்கே வந்து சேருவாள். பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கே தெரியும். தெரிந்து என்ன செய்வது, பசிக்கிற வயிற்றுக்கு நியாயம் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

சிவராஜைப் பற்றிச் சொன்னால்தான் இது புரியும். ஊத்தங்கரைப் பக்கத்து விவசாயக் குடும்பம். ஓசூரில் ஒரு கம்பெனியில் சேர்ந்து சூப்பர்வைசர் வரைக்கும் வந்தவர். ஊரில் இருந்த மாந்தோப்பைப் பார்க்க ஞாயிறு தவறாமல் போவார். ஓய்வு பெறுவதற்கு முன்னால் ஆசைப்பட்டு வாங்கினதுதான் இந்தப் பச்சை நிற மின்சாரக் கார். வண்டியை வாங்கியவர் சும்மா ஓட்டினாரா என்றால் இல்லை, அதற்கென்று ஒரு ஒழுக்கத்தையும் கூடவே வாங்கிவந்தார். எண்பது சதவீதத்துக்கு மேல் ஏறுவது மெதுவாகிவிடும், பின்னால் ஒருவன் காத்திருந்தால் எண்பதிலேயே எடுத்துவிட வேண்டும். அடுத்தவன் வண்டியில் மாட்டியிருக்கும் 'கன்'னை, மின்சாரம் ஏற்றும் அந்தக் கனத்த பிடியை, தொடக் கூடாது. திருவண்ணாமலைப் பக்கம் போகிறவனுக்கு வழியில் சார்ஜர் குறைவு, அவனுக்கு முதலில் விட வேண்டும். இதையெல்லாம் யாரும் சட்டமாகப் போடவில்லை. குருபரப்பள்ளியில் வந்து போகிறவர்களிடம் சொல்லிச் சொல்லிப் பாதியைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் சிவராஜ்தான். மீதியையும் கொண்டுவந்திருப்பார், ஆயுசு இல்லை.

கார் கண்ணாடிக்கு உள்ளே வைக்கும் அட்டையும் அவர் ஆரம்பித்ததுதான். வண்டி முழுக்க ஏறி முடித்த பிறகும் கன் பூட்டியபடியே இருக்கும். வண்டிக்காரர் வந்து எடுத்தால்தான் உண்டு. அதனால் கம்ப்யூட்டர் கடையில் பெரிய எழுத்தில் அடித்து, தண்ணீர் படாமல் உறை போட்டு வாங்கிவந்தார். 'சிவராஜ், மூக்கண்டப்பள்ளி. வண்டியை எடுக்க இந்த எண்ணுக்குக் கூப்பிடவும். தயங்க வேண்டாம்.' கீழே அவர் எண். பரோட்டாவைப் பிய்த்து வாயில் வைக்கிற நேரத்தில் போன் வந்தாலும் இலையை விட்டு எழுந்து ஓடுவார். "சாப்ட்டுட்டுத்தான் போங்களேன், அஞ்சு நிமிசம் நின்னா அவங்க என்ன கொறஞ்சா போயிடுவாங்க?" என்று சுகுணா கடிந்துகொள்வாள். "நம்ம அட்டைய பாத்து நம்பித்தான கூப்புடறான்" என்பார்.

போன வருடம் மாசி மாதம், கம்பெனி கேன்டீனில் சாப்பாட்டுத் தட்டோடு வரிசையில் நின்றவர் அப்படியே சரிந்துவிட்டார். ஆஸ்பத்திரி வரைக்கும்கூடப் போகவில்லை.

காரியம் முடிந்த புதிதில் அவர் போன் ஓயாமல் அடித்தது. விஷயம் தெரியாத பழைய சிநேகிதர்கள், பேங்க், இன்ஷூரன்ஸ், மாங்காய் வியாபாரி. ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சொல்லி அழுதாள். எல்லோருக்கும் தெரிந்துபோனது, போனும் அடங்கியது. கம்பெனி நண்பர்களின் வாட்சப் குழுவிலிருந்து அவரை நீக்கிய செய்தி ஒருநாள் வந்தது. பூனாவில் கட்டிக்கொடுத்த மகள் அனுப்ரியா, அப்பா எண்ணுக்கு இனி எதற்குக் கூப்பிடப்போகிறாள்? சுகுணா மட்டும் அதை விடவில்லை. தினமும் ராத்திரி சார்ஜ் போட்டு, காலையில் துடைத்து, எங்கே போனாலும் கைப்பையில் எடுத்துக்கொண்டு போனாள். பக்கத்து வீடுகளில் அவளைக் கண்டதும் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். அவள் மட்டுமே இருக்கிற வீட்டில் அந்தப் போனும் மேசைமேல் சத்தமில்லாமல் கிடந்தது.

வண்டியை விற்றுவிடச் சொன்னாள் அனுப்ரியா. சுகுணா கேட்கவில்லை. ஓசூரில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, சின்னப் பெண்களோடு வரிசையில் நின்று கற்றுக்கொண்டாள். தனியாக ஓட்டிக்கொண்டு ஊத்தங்கரைத் தோப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பிய முதல் நாள், குருபரப்பள்ளியில் வண்டியைச் சொருகிவிட்டு ஓட்டலில் வந்து உட்கார்ந்தாள். களைப்பில் நேரம் போனது தெரியவில்லை. அப்போது கைப்பைக்குள்ளிருந்து மணி அடித்தது. பழைய காலத்துத் தொலைபேசியின் மணிச்சத்தம். கம்பெனி இரைச்சலில் காதில் விழ வேண்டும் என்று அவர் தேர்ந்தெடுத்து வைத்தது. எடுத்தாள்.

"சிவராஜ் சாருங்களா? வண்டி ஃபுல்லாயிருச்சு சார், கொஞ்சம் எடுத்தீங்கன்னா நல்லாருக்கும்" என்றது யாரோ ஒரு வாலிபனின் குரல்.

எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு, அவரை இருக்கிற ஆளாக நினைத்து ஒருவன் கூப்பிடுகிறான். இல்லை என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. "அவரு கை கழுவிக்கினு இருக்காருங்க. நான் வந்து எடுக்கறேன்" என்றாள். போய் வண்டியை எடுக்கும்போது அந்தப் பையன் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "சார் வரலீங்களா?" என்றான். "முன்னாடி நடந்து போயிருக்காரு, ரோட்ல ஏத்திக்குவேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். சூளகிரி தாண்டும்வரை அவளுக்குச் சிரிப்பு சிரிப்பாக வந்தது. வீட்டைத் திறந்து உள்ளே போனதும் அழுகை வந்தது. ஆனாலும் அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினாள்.

பிறகு அது பழக்கமாகிவிட்டது. வண்டி நிறைந்த பிறகும் எழுந்திருக்காமல் காத்திருப்பாள். யாராவது வருவார்கள், அட்டையைப் பார்த்துக் கூப்பிடுவார்கள். கடைசி மணிவரை கேட்டுவிட்டு எடுப்பாள். சிவராஜ் சில நாள் கை கழுவிக்கொண்டிருந்தார், சில நாள் பில் கட்டப் போயிருந்தார், சில நாள் போனை மறந்துவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டார். உயிரோடு இருந்த காலத்தில்கூட மனிதர் இத்தனை இடத்துக்குப் போனதில்லை. பேசி முடித்ததும் சுகுணா ஓடிவந்து வண்டியை எடுத்துவிடுவாள். வந்தவருக்கு ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோதான் போயிருக்கும், யாருக்கும் பெரிய நஷ்டமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்.

கெடுத்தது ஆனந்தராஜ். அதுவும் நல்ல மனதால் கெடுத்தான். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூருக்கு மின்சார டாக்சி ஓட்டுகிற அவன், அடிக்கடி வருவதால் சுகுணாவை முகம் தெரிந்து வைத்திருந்தான். ஊத்தங்கரைக்காரன் என்பதால் ஒட்டுதல் வேறு. அவனும் முதலில் போன் செய்து கூப்பிட்டவன்தான். நைட் ஷிப்டு முடித்து அவர் போனோடு வீட்டில் தூங்குவதாக ஒருநாள் நேரில் பார்த்தபோது அவனிடம் சொல்லியிருந்தாள். ஒருநாள் போன் செய்யாமல் நேராக ஓட்டலுக்குள்ளேயே வந்து நின்றான்.

"அக்கா, வண்டி ஆயிடுச்சுக்கா."

"போன் பண்றதுதானப்பா, இவ்ளோ தூரம் எதுக்கு நடந்து வர?"

"சாரு நைட் ஷிப்டு முடிச்சிட்டு தூங்கிக்கினு இருப்பாருன்னு நீங்கதான சொன்னீங்க. அவர எதுக்கு எழுப்பறது. நீங்க எப்பிடியும் இங்கதான் இருக்கீங்க."

அவள் சொன்ன பொய்யே அவளுக்கு எதிராகத் திரும்பிவிட்டது. அதோடு நின்றானா? வழக்கமாக வருகிற மற்றவர்களிடமும், பச்சை வண்டிக்குப் போன் செய்ய வேண்டாம், அக்கா உள்ளேதான் இருப்பார்கள், போய்ச் சொன்னால் உடனே வந்துவிடுவார்கள் என்று சொல்லி வைத்துவிட்டான். அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாம் சிரித்த முகத்தோடு மேசைக்கே வந்தார்கள். உபகாரம் செய்கிறவனை எப்படித் திட்டுவது? சுகுணாவும் சிரித்துக்கொண்டே எழுந்து போனாள். போன் அடிக்கவில்லை. வாரக்கணக்கில் அடிக்கவில்லை. வீட்டில் அதைத் துடைத்து வைக்கும்போது கை கனத்தது.

ஆகவேதான் இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பார்த்து வந்திருந்தாள். ஆனந்தராஜ் இந்நேரம் பெங்களூரில் இருப்பான். வெளியூர் வண்டிகள் வரும், அவளைத் தெரியாதவர்கள் வருவார்கள். வண்டியைச் சொருகும்போதே பார்த்தாள், இருந்த இரண்டு கன்களில் ஒன்று வேலை செய்யவில்லை என்று வெள்ளைக் காகிதத்தில் எழுதி ஒட்டியிருந்தார்கள். சிவராஜ் பக்கத்தில் இருந்திருந்தால் எண்பதுகூட வேண்டாம், அறுபதிலேயே எடுத்துவிடு என்றிருப்பார். அது தெரிந்தேதான் தூணுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தாள்.

அடித்தது.

மேசைமேல் அதிர்ந்து லேசாக நகர்ந்தது. தெரியாத எண். சுகுணா கைகளை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். முழுதாக அடித்து ஓய்ந்தது. எடுத்திருக்கலாம். ஆனால் இத்தனை வாரம் காத்திருந்து கிடைத்ததை ஒரே வாயில் விழுங்கிவிட மனம் வரவில்லை. திரும்பவும் அடித்தது. கை கழுவ வந்த ஒரு பெரியவர், "போன் அடிக்குதும்மா" என்றார். "ஆமாங்க, அவருக்கு" என்றாள். மூன்றாவது முறையும் அடித்தது. வெளியே எங்கேயோ ஒரு மனிதன் சிவராஜைத் தேடிக்கொண்டிருக்கிறான், விடாமல் தேடுகிறான். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்படிச் சொல்லக் கூசினாலும் உண்மை அதுதான். நான்காவது முறை கடைசி மணியில் எடுத்தாள்.

"சிவராஜா?"

"சொல்லுங்க."

"அவர் எங்கம்மா? அவர்கிட்ட குடு."

"கை கழுவிக்கினு இருக்காருங்க."

"எவ்ளோ நேரமா கழுவறாரு? வண்டி எப்பவோ ஃபுல்லாயிடுச்சு. இன்னொரு கன் ரிப்பேரு. என் வண்டில மூணு பர்சென்ட் இருக்குது, இங்கருந்து நகத்த முடியாது. ஏசியும் போட முடியல. கொழந்தைய வச்சிக்கிட்டு வெயில்ல நிக்கறேன்." ஓசூர்க்காரர் பேச்சு, கன்னடம் கலந்த இழுவை. நடுவில் பக்கத்தில் இருந்த யாரிடமோ கன்னடத்தில் சீறிவிட்டுத் திரும்பவும் போனுக்கு வந்தார். "பெரிய மனுசன் மாதிரி போர்டு அடிச்சு வச்சிருக்காரு, தயங்க வேண்டாமாம். எழுதி வச்சா மட்டும் போதுமா? அடுத்தவன் கஷ்டம் தெரியாதா இந்த ஆளுக்கு? இவன மாதிரி ஆளுங்களாலதான் எல்லாருக்கும் கெட்ட பேரு. கேளும்மா, அந்த ஆளு உயிரோட இருக்காரா, இல்ல செத்து கித்து போயிட்டாரா?"

சுகுணாவுக்கு அந்தக் கடைசி வார்த்தைகூட அவ்வளவாக உறைக்கவில்லை. அதற்கு முந்தினதுதான் சுட்டது. அடுத்தவன் கஷ்டம் தெரியாத ஆளாம். சாப்பிடுகிற இலையை விட்டு எழுந்து ஓடியவரை, எண்பதிலேயே கன்னைக் கழற்றிக் கொடுத்தவரை, ரோட்டில் நின்று ஒருவர் வாய் கூசாமல் திட்டுகிறார். திட்டுகிறவர் மேலும் தப்பில்லை. இந்தப் போனுக்குள் சிவராஜ் உயிரோடு இருக்கிறவரைக்கும், குழந்தையை வெயிலில் நிறுத்தியவர் அவர்தான். அவரை அந்தப் பழியிலிருந்து எடுக்க வேண்டுமானால் ஒரே வழிதான் இருந்தது.

"செத்துட்டாருங்க" என்றாள்.

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"போன வருசம் மாசி மாசம். அவர் மேல தப்பில்லீங்க. நான்தான் ஒக்காந்துட்டேன். இதோ வரேன்."

வெளியே வெயிலில் கண் கூசியது. சார்ஜர் பெட்டி தரையில் போட்டிருந்த ஒரு முழ நிழலில் ஒரு பெண், குழந்தையை மடியில் வைத்து, துண்டால் விசிறிக்கொண்டிருந்தாள். குழந்தையின் முடி நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. கன்னம் சிவந்துபோய், வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. சுகுணா அதைப் பார்க்காமல் இருக்கத்தான் நினைத்தாள், முடியவில்லை. தான் மணிச்சத்தத்தை ரசித்துக்கொண்டிருந்த நேரம் முழுக்க இந்தக் குழந்தை இங்கே இருந்திருக்கிறது. இதைவிடக் கேவலமாகத் தன்னைப் பற்றி அவள் ஒருநாளும் நினைத்ததில்லை.

போனில் பேசியவர் முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். அரைக்கைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவளைக் கண்டதும் பின்னால் யாராவது வருகிறார்களா என்று ஒரு கணம் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். சுகுணா கன்னைக் கழற்றினாள். கனமான அதை வழக்கம்போல் ஸ்டாண்டில் மாட்டாமல் அவர் கையிலேயே கொடுத்தாள்.

"அம்மா, நான்... தெரியாம பேசிட்டேன். என் பேரு ஹரீஷ்குமாரு, இங்க பாகலூர்தான். நான் அப்பிடில்லாம் பேசற ஆளில்ல."

"நீங்க பேசினது சரிதாங்க. ஆனா அவரு அப்பிடிப்பட்ட ஆளில்ல. அத மட்டும் தெரிஞ்சுக்குங்க." ஓட்டல் பக்கம் கையைக் காட்டினாள். "கொழந்தைய உள்ள கூட்டிக்கினு போங்க. பின்பக்கம் தூணுக்கிட்ட ஒரு மேசை காலியா இருக்குது. நல்லா மோரு குடுக்கச் சொல்லுங்க."

அந்தப் பெண் ஏதோ புரிந்தும் புரியாமலும் சுகுணாவைப் பார்த்தாள். ஹரீஷ்குமார் கன்னைப் பிடித்தபடி கண்ணாடிக்கு உள்ளிருந்த அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுகுணா ஏறி உட்கார்ந்து வண்டியைப் பின்னால் எடுத்தாள். இனி இந்த ஓட்டலில் சிவராஜ் கை கழுவ முடியாது, பில் கட்ட முடியாது. இவர் ஆனந்தராஜிடம் சொல்லமாட்டார்தான். இவருக்கு ஆனந்தராஜைத் தெரியக்கூடத் தெரியாது. ஆனாலும் ஒரு இடத்தில் சொல்லிவிட்ட சாவை அந்த இடத்திலேயே திரும்ப மறைத்து வைக்க அவளுக்கு இனிமேல் வராது. அது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

சூளகிரி நெருங்கும்வரை அழவில்லை. ரோட்டைப் பார்த்து ஓட்டினாள். கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓசூர்ப் பக்கம் ஊர்ந்துகொண்டிருந்தன. மலை வலப்பக்கம் வந்தபோதுதான் மணி அடித்தது. கைப்பையில் இருந்த போன் காரோடு இணைந்திருந்ததால் நான்கு பக்கமும் இருந்த ஸ்பீக்கர்களில் அந்தப் பழைய மணி வண்டி முழுக்க அடித்தது. முன்னால் இருந்த திரையில் எண் தெரிந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் விடாமல் கூப்பிட்ட அதே எண்.

வண்டியைத்தான் எடுத்தாகிவிட்டதே, இன்னும் எதற்குக் கூப்பிடுகிறார் என்று நினைத்தாள். பிறகுதான் புரிந்தது. இத்தனை நாளும் இந்த எண்ணுக்குக் கூப்பிட்டவர்கள் எல்லாம் சிவராஜ் இருக்கிறார் என்று நினைத்துக் கூப்பிட்டவர்கள். அவர் இல்லை என்று தெரிந்தும் இந்த எண்ணுக்குக் கூப்பிடுகிற முதல் ஆள் இவர். இவரிடம் கை கழுவுகிற கதையைச் சொல்ல முடியாது.

இடதுபக்கம் விளக்கைப் போட்டு வண்டியை ஓரங்கட்டினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசிவரை காத்திருக்காமல் பொத்தானை அழுத்தினாள். அந்தப் பக்கம் சார்ஜர் இரைகிற சத்தம் கேட்டது. குழந்தை கன்னடத்தில் ஏதோ நச்சரித்தது, அதன் அம்மா அடக்கினாள். ஹரீஷ்குமார் "அம்மா" என்றார். "சொல்லுங்க" என்றாள் சுகுணா. இருவரும் போனை வைக்கவில்லை. லாரிகள் கடந்து போகும் ஒவ்வொரு முறையும் காற்று வந்து வண்டியை அசைத்தது. ஓரங்கட்டப் போட்ட விளக்கு அணைந்து அணைந்து எரிந்துகொண்டிருந்தது.